கணக்கைக் கேட்டு வாக்களிப்போம்

ஊராட்சித் தேர்தல் வந்துவிட்டால், லஞ்சத்தை ஒழிப்பேன் என்று கூறாத அபேட்சகரைக் காண்பது அரிது. அவர்கள் அனைவரும் பொய்யர் என்பது நமது கருத்தன்று. ஆனால் பருத்தியை நிறுக்கலாம், நூலை எண்ணலாம். மனிதனின் நல்லெண்ணத்தை எவ்வாறு அளப்பது? அளந்து பார்க்கக் கூடியது கணக்கு ஒன்றே.

முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் இதனை உணர்த்துகின்றன. வாரியப் பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவனும், அவனுடைய நெருங்கிய உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவர் என்பது அன்றைய விதி. நிலமும் வேதக் கல்வியும் உடையோர்க்கே இடமளித்த அச்சபை இன்றைய ஜனநாயகம் அன்று. எனினும் கணக்கையே யோக்கியதையாக வைத்த விதி போற்றத்தக்கது.

அண்மைக் காலத்தில், விஞ்ஞானி வேலையைத் துறந்து ஊர் திரும்பிய இளங்கோ ரங்கசாமி, 1996-இல் திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கத்தின் தலைவரானார். கழிவுக் கற்களைக் கொண்டு சிக்கனமாகக் கால்வாய் கட்டியது விதிமீறல் எனப்பட்டு, இடைநீக்கம் செய்யப்பட்டார். கிராம சபை அவர் பக்கம் நின்றது. பதவி திரும்பக் கிடைத்தது. 2001-இல் மக்கள் மீண்டும் அவரையே தேர்ந்தெடுத்தனர். நேர்மையாளருக்கும் கணக்கறிந்த சபையே அரண் என்பது இதனால் விளங்கும்.

நமது கரிசற் பூமி மானாவாரிப் பூமி. தூர் வாராத கண்மாயை வாரியதாக எழுதும் ஒரே வரி, ஓர் ஊரின் கோடைத் தண்ணீரைக் குடித்துவிடும். இதனைத் தடுக்கும் இடம் கிராம சபை. 2022 முதல் அது ஆண்டுக்கு ஆறு முறை கூடவேண்டும் என்பது ஏற்பாடு. 501 முதல் 3,000 பேர் வரை வாழும் ஊராட்சியில் 100 பேர் வந்தாலே கூட்டம் செல்லும். தறியை நிறுத்தினால் கூலி போகுமே என்பீர்கள், உண்மைதான். ஆனால் கேளாத கணக்கினால் போவது அதனினும் பெரிது.

ஆகவே, வாக்குக் கேட்டு வருவோரிடம் மூன்று வினாக்களை வையுங்கள். ஒவ்வொரு வேலையின் செலவையும் சாவடிச் சுவரில் எழுதி வைப்பீரா? ரசீதுகளைச் சபையில் படித்துக் காட்டுவீரா? வேலை எடுப்பவர் உமது உறவினராயின் முன்கூட்டியே சொல்லுவீரா?

இவற்றுக்கு ஊரறிய உடன்பட்டவருக்கே வாக்களிப்போம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: வாக்குக்குப் பணம் பெற்ற வாய், பின்னர் கணக்குக் கேட்கத் திறவாது.