வெயிலில் காட்டினால் போகாத மஞ்சள்

பி.காம். மூன்றாம் வருஷம் படிக்கிறவனுக்குக் கல்லீரலைப் பற்றி என்ன தெரியும்னு கேட்பீங்க. நியாயமான கேள்விதான். கணக்கில் எங்கே ஓட்டைன்னு பார்க்கச் சொல்லிக் கொடுத்திருக்காங்க. அந்தப் புத்தியோடதான் இதையும் பார்க்கிறேன்.

சமீபத்தில் அக்காவுக்குக் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள் லேசாக மஞ்சள். பெரியம்மா, எதிர்வீட்டுப் பாட்டி, பார்க்க வந்த அத்தனை பேரும் ஒரே வசனம்: "காலை வெயில்ல காட்டுங்க, தானா சரியாயிடும்." பத்து நாளில் சரியாகிவிட்டது. வசனத்துக்கு இன்னொரு சாட்சியும் கிடைத்துவிட்டது. என் சண்டை இந்த வசனத்தோடுதான்.

பெரும்பாலான குழந்தைகளுக்கு அந்த மஞ்சள் தானாகவே போய்விடும், உண்மை. ஆனால் பிலியரி அட்ரீசியான்னு ஒரு நோய் இருக்கு. பிறந்த சில வாரங்களில், கல்லீரலில் இருந்து குடலுக்குப் பித்தம் போகும் குழாய் வீங்கி, தழும்பாகி, அடைத்துப்போகும். ஐரோப்பாவில் சுமார் 15,000 முதல் 20,000 பிறப்புக்கு ஒன்று. தைவானில் அதைவிட அதிகம்.

அடைத்ததும் கல்லீரல் சும்மா இருக்காது. பித்தநாளங்களின் உள்சுவர் செல்கள் வேகமாகப் பெருகி, புதுசு புதுசாகக் குட்டிக் குழாய்கள் முளைக்கும். நெடுஞ்சாலை அடைபட்ட ஊரில் சந்து சந்தாகத் தெரு போடுகிற மாதிரி. ஆனால் ஒரு தெருவும் ஊரை விட்டு வெளியே போகாது. போதாக்குறைக்கு, பெருகிய இந்தச் செல்கள் அனுப்பும் சிக்னலால் அழற்சி கூடும், தழும்பு நார் உண்டாக்கும் செல்கள் விழித்துக்கொள்ளும். காப்பாற்றக் கிளம்பிய வேலையே கல்லீரலை இறுக்க ஆரம்பிக்கும். முடிவு, சில மாதங்களிலேயே சிரோசிஸ். (குடிக்கிறவருக்கு வரும்னு நாம் நினைக்கிற அதே சிரோசிஸ். இங்கே பால் மட்டுமே குடித்த குழந்தைக்கு.)

இதில் வெயில் என்ன செய்யும்? சாதாரண மஞ்சளில், ஒளி பட்டால் பிலிரூபின் உருமாறி உடம்பை விட்டு எளிதாக வெளியேறும். ஆஸ்பத்திரியில் நீல விளக்கு வைப்பதும் அதுக்குத்தான். ஆனால் இங்கே பிலிரூபினைக் கல்லீரல் ஏற்கனவே பக்குவப்படுத்திவிட்டது, வெளியே போகத்தான் வழியில்லை. மூடின குழாயை வெயிலும் திறக்காது, கீழாநெல்லியும் திறக்காது.

கொடுமை என்னன்னா, குழந்தை முதலில் நல்லா பால் குடிக்கும், எடையும் ஏறும். பார்க்கிறவங்க ஏமாந்துபோவாங்க. ஆனால் துணியில் எழுதி வைத்திருக்கும்! பித்தம் குடலுக்குப் போகாததால் மலம் வெளுத்து, களிமண் நிறமாகும். சிறுநீர் அடர் மஞ்சளாகத் துணியில் கறை பிடிக்கும். இதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் வேண்டாம், தினமும் துணி மாற்றுகிற அம்மாவின் கண் போதும். எந்த நிறம் ஆபத்துன்னு யாராவது அவங்களுக்குச் சொல்லியிருக்கணும், அவ்வளவுதான்.

ஜப்பானில் மோரியோ கசாய் என்ற டாக்டர் 1950களிலேயே இதுக்கு ஒரு ஆபரேஷன் கொண்டுவந்தார். கெட்டுப்போன குழாயை எடுத்துவிட்டு, குடலைக் கல்லீரலோடு நேரடியாக இணைப்பது. 60 நாளுக்குள் செய்தால் பித்தம் ஓட வாய்ப்பு அதிகம், தள்ளத்தள்ள குறையும். எல்லாக் குழந்தைக்கும் இது நிரந்தரத் தீர்வு இல்லை. பலருக்குப் பின்னால் கல்லீரல் மாற்று தேவைப்படும். ஆனாலும் சொந்தக் கல்லீரலோடு வாழ வருஷங்கள் கிடைக்கும்.

தைவான் 2004ல் நாடு முழுக்க மல நிற அட்டை கொடுத்தது. 60 நாளுக்குள் ஆபரேஷன் நடந்தவர்கள் அந்த வருஷம் 60%, அடுத்த வருஷம் 74%. ஜப்பான் 2012ல் தாய்-சேய் கையேட்டிலேயே அந்த நிறங்களை அச்சடித்தது. நவீன மெஷினெல்லாம் இல்லை, கலர் அச்சுதான்!

"பல ஆயிரத்தில் ஒரு குழந்தைக்காக எல்லா அம்மாக்களையும் பயமுறுத்தணுமா?" என்பார்கள். எங்க பாடத்தில் வராக்கடன் ஒதுக்கீடுன்னு ஒண்ணு உண்டு. எல்லாக் கடனும் மூழ்கும்னு அர்த்தமில்லை, ஏதோ ஒண்ணு மூழ்கினால் கடை மூழ்கக் கூடாதுன்னு அர்த்தம். வீண் சந்தேகத்தின் விலை ஒரு ரத்தப் பரிசோதனை. தவறவிட்டால் விலை ஒரு கல்லீரல்.

அந்த விலையைக் கட்டியவர்கள் நம்ம ஊரிலேயே உண்டு. 1998ல் இதே நோயோடு தில்லிக்குப் போன காஞ்சிபுரத்துக் குழந்தைக்கு வயது 20 மாதம். அப்பா தன் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்தார். இந்தியாவில் குழந்தைக்கு வெற்றிகரமாக நடந்த முதல் கல்லீரல் மாற்று அதுதான். அந்தக் குழந்தை வளர்ந்து டாக்டரே ஆகிவிட்டார். சந்தோஷம். ஆனால் அது கடைசி வழியாக இருக்கணும், முதலில் தெரியவரும் வழியாக இருக்கக் கூடாது.

அக்காவை டிஸ்சார்ஜ் செய்தபோது கொடுத்த பில் இரண்டு பக்கம். கையுறைக்குக்கூடத் தனி வரி. மலத்தின் நிறத்தைப் பாருங்கன்னு ஒரு வரி இல்லை. அந்த ஒரு வரியைத்தான் கேட்கிறேன், நாலு நிறக் கட்டங்களோடு.

அதுவரை நீங்க செய்யக்கூடியது இது. அடுத்த முறை யாராவது "வெயில்ல காட்டுங்க" என்றால், "14 நாளுக்கு அப்புறமும் மஞ்சள் இருந்தா டாக்டர்கிட்ட காட்டுங்க, டைரக்ட் பிலிரூபின் பார்க்கச் சொல்லுங்க. மலம் வெளுத்தா அன்னைக்கே போங்க"ன்னு சேர்த்துச் சொல்லுங்க. பாட்டி முறைப்பாங்க. முறைக்கட்டும் :-)

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. அதனால்தான் டாக்டரிடம் போகச் சொல்கிறேன்.