மாரி வீதியும் மணல் லொறியும்

ஐப்பசி பிறந்தால் வன்னிக் கமக்காரன் வானத்தைப் பார்க்கிறான். அவன் மனைவியோ வீதியைப் பார்க்கிறாள். வயலுக்கு மழை வரவேண்டும்; பள்ளிக்குச் சென்ற பிள்ளையும் பத்திரமாக வீடு வரவேண்டும். வெள்ளம் தேங்கிப் பள்ளமும் மேடும் ஒன்றாகத் தோன்றும் கிறவல் வீதியிலேதான் மணல் ஏற்றிய டிப்பர் லொறிகளும் விரைகின்றன.

விபத்து நேர்ந்தால், "சாரதியின் கவலையீனம்" என்று கூறி வழக்கை முடிக்கின்றனர். சாரதிக்குப் பொறுப்பில்லையென்று நாம் வாதாடவில்லை. ஆனால், அவன் ஒருவன் மட்டுமா எதிரி?

நடைக்கு இவ்வளவென்று கூலி பேசப்படும்போது வேகம் அவனுடைய வயிற்றுப்பாடாகிவிடுகிறது. வேகம் இருமடங்கானால், பிறேக்கை அழுத்தியபின் வண்டி ஓடும் தூரம் நான்மடங்காகும். நனைந்த வீதியில் அது மேலும் நீளும். பாரமிறக்கித் திரும்பும் வெறும் லொறியும் ஆபத்தானதே. பாரம் குறைந்த பின்சில்லுகள் பிறேக்கில் இறுகி வழுக்கும்.

மிகைப் பாரம் வீதியையும் அழிக்கிறது. அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை லொறிகளை ஓட்டி வீதிகளைச் சோதித்தனர். அச்சிலேறும் பாரம் ஐந்தில் ஒரு பங்கு கூடினால் வீதியின் சிதைவு ஏறக்குறைய இருமடங்காகும் என்பது அச்சோதனையிற் பிறந்த கணக்கு. அடிமண் ஊறிய மாரியில் அழிவு இன்னும் விரைவு. இன்று லொறி பறித்த குழியே நாளை லொறியைக் கவிழ்க்கிறது.

சட்டம் இல்லையா? உண்டு. 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் உண்டு. மணல் அகழ்வுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டுமெனும் 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டமும் உண்டு. ஆனால், அனுமதி தருவது ஒரு பணியகம்; லொறியை மறிப்பது பொலிஸ்; சிதைந்த கிராம வீதியைத் திருத்தவேண்டியது பிரதேச சபை. மணலின் ஆதாயம் ஓரிடம், வீதியின் செலவு வேறிடம்! 2009 இல் போர் முடிந்தபின் ஏ-9 வீதி செப்பனிடப்பட்டதை வரவேற்கிறோம். எனினும், மணல் புறப்படுவது ஆற்றோரக் கிறவல் வீதியிலிருந்தல்லவா?

மணலின்றி வீடு எழாது என்பதை நாம் அறிவோம். நாம் கோருபவை நான்கு. அனுமதிப்பத்திரத்திலேயே லொறி செல்லும் வீதி குறிக்கப்படவேண்டும். அவ்வீதி மாரியிற் பாரந் தாங்காதெனின், மாரி முடியும்வரை அனுமதி நிறுத்தப்படவேண்டும். அறவிடும் கட்டணத்தில் ஒரு பங்கு அவ்வீதிக்குரிய சபையைச் சேரவேண்டும். மிகைப் பாரம் ஏற்றப்பட்டால், சாரதியோடு ஏற்றுவித்த உரிமையாளனும் எதிரிக்கூண்டில் நிற்கவேண்டும்.

கமக்காரரே, காலபோக நெல்மூடைகள் சந்தைக்குப் போவதும் இவ்வீதியாற்றான். உங்கள் அமைப்புகளின் தீர்மானங்களைப் பிரதேச சபைக்கு எழுத்தில் அனுப்புங்கள். பொறியியலாளரும் சட்டத்தரணிகளும் அவர்களுக்குத் துணைநிற்பது கடமை. சவம் வீடு வந்தபின் வீதிக்குக் கிறவல் கொட்டும் வழக்கம் இனியேனும் ஒழியட்டும்!