கூவுவது வாசிப்பாகுமா?

தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது என்போர் இன்றும் உளர்; அவர்களிற் சிலர் ஆசிரியராயும் இருப்பது வெட்கக்கேடு. ஐந்தாம் தரத்துக்கு வந்தும் ஒரு பந்தியைத் தானாக வாசிக்க இயலாது தடுமாறும் சிறுமியைக் காட்டி, "லயத்துப் பிள்ளைதானே!" என்று தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். நாம் கேட்கிறோம்: அவளுக்கு வாசிக்கக் கற்பித்தவர் யார்?

1907ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம், ஆறு முதல் பத்து வயது வரையான தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்டத்துரையிடம் விட்டது. கொழுந்து பறிக்கக் கை வளரும்வரை பிள்ளைகளை அடைத்துவைக்க ஓர் இடம் வேண்டுமல்லவா? ஒரு கொட்டகை, ஓராசிரியர். அதற்குப் பள்ளிக்கூடம் என்று பெயர்! 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தது. 1960, 61இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு கையேற்றது. இரு முறையும் தோட்டப் பள்ளிகள் வாசலுக்கு வெளியே நின்றன. தோட்டங்களே அரசுடைமையான பின்னர்தான், எழுபதுகளின் பிற்பகுதியில், அவற்றின்மேல் அரசின் பார்வை விழுந்தது.

எல்லா வகுப்புக்கும் ஒருவரே என்றிருந்த கொட்டகையில், ஆசிரியர் ஒரு வரி சொல்ல, பிள்ளைகள் ஒருமித்துக் கூவுவதன்றி வேறு வழியில்லை. பசறையிலும் மடுல்சீமையிலும் கொட்டகை போய்க் கட்டடம் வந்துவிட்டது. கூவல் மட்டும் ஏன் போகவில்லை? புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தும் பக்கம் முழுவதையும் ஒப்பிக்கும் பிள்ளை வாசிக்கவில்லை. வரியின் நடுவே விரலை வைத்து, "இது என்ன சொல்?" என்று கேளுங்கள், குட்டு வெளிப்படும்.

247 எழுத்துக்களையும் வரிசை பிசகாமல் ஒப்பித்த பின்னரே சொல்லுக்கு வரவேண்டும் என்னும் பிடிவாதம் இன்னொரு கேடு. ட, ப, ம என்னும் மூன்று வடிவங்களும் ஒரு புள்ளியும் போதும்: படம், மடம், பட்டம் என்று பிள்ளை தானே வாசிக்கும். ல, ய சேர்ந்தால் அவள் குடியிருக்கும் லயமே கரும்பலகையில் எழுந்து நிற்கும். "வாரேன்" என்று பேசும் வாய், நூலில் "வருகிறேன்" என்பதைக் கண்டு மருள்வது இயல்பு. பேச்சைப் பழியாமல் இரண்டையும் அருகருகே எழுதிக்காட்டுவதற்குப் பெரும் புலமை தேவையில்லை.

ஆசிரியரை மட்டும் நோவதும் நியாயமன்று. 2015ஐ ஒட்டிப் பெருந்தோட்டப் பள்ளிகளுக்கு நியமிக்கப்பெற்ற ஆசிரிய உதவியாளர், பயிற்சிக்கு முன்பே வகுப்பில் நிறுத்தப்பட்டனர். மாதக் கொடுப்பனவு 6000 ரூபாய், பின்னர் 10,000! பதுளையிலிருந்து மலையேறிப் போய்வரும் பஸ் கட்டணத்துக்கு என்ன மிஞ்சும்? புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தேறக்கூடிய நால்வரை முன்வரிசையில் இருத்தி, மற்றவர்களைக் கடைசி வாங்கில் மறந்துவிடும் வழக்கமும் இந்நெருக்கடியில் வளர்வதே.

முதலிரு தரங்களுக்குப் பயிற்சி பெற்ற ஆசிரியரையே அனுப்புக என்று ஊவா மாகாணக் கல்வித் திணைக்களத்தை உரத்துக் கேட்போம். அதுவரை, ஆசிரிய நண்பர்களே, நாளுக்கு ஐந்து பிள்ளைகளையேனும் தனித்தனியே அழைத்து வாசிக்கச் செய்யுங்கள். மாணவத் தோழர்களே, விடுமுறைக்கு ஊர் வரும்போது நான்கு கதைப்புத்தகங்களோடு லயத்து இஸ்தோப்பில் வந்தமருங்கள். பிள்ளைகள் தாமே கூடுவர்.