ஆலயத்திற்கு இரண்டு பஞ்சாங்கங்கள்

தைப்பூசம் நெருங்க நெருங்க நாடெங்கும் முருகன் ஆலயங்களில் பணிகள் மும்முரமடைகின்றன. இரதம் மெருகேற்றப்படுகிறது, தண்ணீர்ப் பந்தல்களுக்கு இடம் குறிக்கப்படுகிறது, விரதமிருக்கும் பக்தர்கள் காவடிக்கு ஆயத்தமாகிறார்கள். எந்த வேளையில் கொடியேற்றுவது, எந்த நட்சத்திரத்தில் இரதம் புறப்படுவது என்பதை அர்ச்சகர் பஞ்சாங்கம் பார்த்துச் சொல்கிறார். நிர்வாகத்தினர் அதை அட்சரம் பிசகாமல் நிறைவேற்றுகின்றனர். நாள் தவறுவதும் வேளை தவறுவதும் தெய்வக் குற்றம் என்னும் அச்சம் அவர்களுக்கு உண்டு. அந்த அச்சமே ஆலயத்தின் ஒழுங்கைக் காத்து வருகிறது.

ஆனால் இந்நாட்டில் ஓர் ஆலயம் கவனிக்க வேண்டிய பஞ்சாங்கம் இன்னொன்றும் உண்டு. அதில் திதியும் நட்சத்திரமும் இல்லை. சட்டங்களும் கெடு நாட்களும் படிவங்களும் இருக்கின்றன. அதைக் கணித்து அச்சிட்டுத் தருவார் எவருமில்லை. ஆண்டின் நடுவிலும் அது மாறும். அதைப் பார்க்கத் தவறியதால் வரும் விளைவு உடனே தெரிவதில்லை. தெரிய வரும்போது பெரும்பாலும் காலம் கடந்துவிட்டிருக்கும்.

ஆலயங்களுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கொரு முறை கும்பாபிஷேகம் செய்வது மரபு. சட்டம் அவ்வளவு காலம் காத்திருப்பதில்லை. 2013-ஆம் ஆண்டில் கும்பாபிஷேகம் கண்டு, 2025-இல் அடுத்த கும்பாபிஷேகத்திற்கு வந்த ஓர் ஆலயத்தை எண்ணிப் பார்க்கலாம். 2013-இல் குறைந்தபட்சச் சம்பளம் முதன்முதலாக நடப்புக்கு வந்தபோது, தீபகற்ப மலேசியாவில் அது மாதம் 900 வெள்ளி. பின்னர் 2016, 2019, 2020, 2022 ஆகிய ஆண்டுகளில் அது மாற்றப்பட்டது. 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியாயிற்று. ஐந்து பேருக்கும் குறைவான ஊழியர்களை வைத்திருப்போருக்கு அதே ஆண்டு ஆகஸ்டு முதல் அது கட்டாயமாயிற்று. 2023 ஜனவரியில் தொழில் சட்டத் திருத்தத்தின் வழி வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு 2019 முதல் சொக்சோ பாதுகாப்பு வந்தது. 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து ஊழியர் சேமநிதியும் அவர்களுக்குக் கட்டாயமாகி, முதலாளி 2 விழுக்காடும் தொழிலாளி 2 விழுக்காடும் செலுத்தும் நிலை ஏற்பட்டது.

இவையெல்லாம் தொழிற்சாலைகளுக்கும் கடைகளுக்கும் உரியவை, ஆலயத்திற்கு என்ன சம்பந்தம் என்று கேட்போர் உளர். மடைப்பள்ளியில் பிரசாதம் சமைப்பவரும், பிரகாரத்தைப் பெருக்குபவரும், அலுவலகத்தில் அர்ச்சனைச் சீட்டு கிழித்துத் தருபவரும் மாதச் சம்பளம் பெறுகிறார்கள் என்றால், சட்டத்தின் பார்வையில் ஆலயமும் ஒரு முதலாளியே. தமிழகத்திலிருந்து வரவழைக்கப்பட்ட அர்ச்சகருக்கும் நாதசுரக் கலைஞருக்கும் குடிநுழைவு அனுமதி எந்த நாளில் முடிகிறது என்பதும் ஆலயம் அறிந்திருக்க வேண்டிய ஒன்று. இறைவனுக்குத் தொண்டு செய்பவரின் வியர்வைக்கு உரிய கூலியையும் பாதுகாப்பையும் கொடுப்பது சட்டக் கடமை மட்டுமன்று. அதுவும் ஒரு வழிபாடே.

கட்டட விஷயத்திலும் இதே நிலைதான். ஒரு கட்டடம் புழங்கத் தகுதியானது என்னும் சான்றிதழை முன்பு நகராண்மைக் கழகம் வழங்கி வந்தது. 2007 ஏப்ரலில் அம்முறை மாறி, பணியை ஏற்று நடத்தும் கட்டடக் கலைஞரோ பொறியியலாளரோ பொறுப்பேற்று நிறைவுச் சான்றிதழில் கையொப்பமிடும் முறை வந்தது. பழைய இராஜகோபுரத்திற்கு அன்று செய்த ஏற்பாடே இன்று எழுப்பும் மண்டபத்திற்கும் போதும் என்று எண்ணி வேலையைத் தொடங்கும் நிர்வாகம், பாதி வழியில் தடுமாறுகிறது. மரபுடைமைச் சட்டம் 2005-இல் இயற்றப்பட்டது. பத்துமலையின் 272 படிகளுக்கு 2018-இல் வண்ணம் தீட்டப்பட்டபோது, உலகமே அந்த அழகைக் கண்டு வியந்தது. அதே வேளையில் மரபுடைமைத் துறையின் அனுமதி குறித்த கேள்வியும் எழுந்தது. தொன்மையான ஆலயங்களுக்கு அது ஒரு நினைவூட்டல்.

எல்லாவற்றையும் விட அடிப்படையானது நிலம். இந்நாட்டின் ஆலயங்களில் பல தோட்டப்புறங்களில் பிறந்தவை. பால்மரக் காட்டுக்கு நடுவே, லயத்து வீடுகளுக்கு அருகில், ஒரு மரத்தடியில் நட்ட சூலமும் கல்லுமே பின்னாளில் மாரியம்மன் ஆலயமாயிற்று. தோட்டத் துரை வாய்மொழியாகச் சரி என்றார். கங்காணியும் தொழிலாளர்களும் சம்பளத்தில் சில்லறை சேர்த்துக் கட்டினார்கள். பத்திரம் எழுத வேண்டும் என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை. பின்னர் தோட்டம் கைமாறியது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. ஆலயம் மட்டும் அங்கேயே நின்றது. அது நின்ற நிலம் எவருடையது என்ற கேள்வி அப்போதுதான் எழுந்தது.

பக்தர்கள் பலருக்கும் தெரியாத கசப்பான உண்மை ஒன்று இங்கே உண்டு. நூறாண்டு வழிபட்டோம், ஆகவே இடம் எங்களுடையது என்னும் வாதத்தைத் தேசிய நிலச் சட்டம் ஏற்பதில்லை. அரசு நிலத்தில் எத்தனை ஆண்டுகள் இருந்தாலும் அந்த இருப்பு உரிமையாகாது என்று அதன் 48-ஆவது பிரிவு தெளிவாகக் கூறுகிறது. தனியார் நிலத்திலும் நீண்ட கால இருப்பு உரிமையாளரின் மீட்பு வழக்கைத் தடுக்காது என்று 341-ஆவது பிரிவு சொல்கிறது. அனுமதியின்றி அரசு நிலத்தில் இருப்பதற்கான தண்டனையும் 2016-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 500,000 வெள்ளி வரையிலான அபராதம் அல்லது 5 ஆண்டுச் சிறை என்ற அளவுக்கு உயர்ந்தது. கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பகுதியில் நூறாண்டு கடந்த தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலயம் இருந்த நிலம் 2014-இல் ஒரு தனியார் நிறுவனத்திற்கு விற்கப்பட்டிருந்தது. 2025 மார்ச்சில் அருகிலுள்ள இடத்திற்கு ஆலயத்தை மாற்ற இணக்கம் காணப்பட்டது. அந்த வாரங்களில் பக்தர்கள் அடைந்த மனவேதனையை எவரும் மறந்திருக்க முடியாது. காலத்தின் தொன்மை பக்திக்குச் சான்று. நிலத்திற்குச் சான்று பட்டாவும் அரசிதழ் அறிவிப்புமே என்பதை அச்சம்பவம் உணர்த்திற்று.

பட்டா உள்ள ஆலயங்களும் அயர்ந்து இருந்துவிட இயலாது. நிலவரி செலுத்தாமல் விட்டால் நில அலுவலகம் 6ஏ படிவத்தில் கோரிக்கை அனுப்பும். அதில் குறித்த கெடுவுக்குள் செலுத்தாவிட்டால் நிலம் அரசுக்கே போய்ச் சேர வழியுண்டு. அக்கடிதம் பழைய தலைவரின் முகவரிக்குச் சென்று, அவர் வீட்டு மேசை இழுப்பறையில் பிரிக்கப்படாமல் கிடந்தால், முன்னோர் தேடி வைத்த சொத்து ஓர் உறைக்குள்ளேயே அழிந்துபோகக்கூடும்.

சங்கப் பதிவு மற்றொரு முக்கிய அம்சம். 1966-ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின்படி, ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்த 60 நாட்களுக்குள் பொறுப்பாளர் பட்டியலும் கணக்கறிக்கையும் பதிவிலாகாவுக்குச் சென்று சேர வேண்டும். முன்பு காகிதத்தில் செய்த இக்காரியம் இன்று இணையம் வழி நடைபெறுகிறது. அதற்கான கடவுச்சொல் ஒரே ஒருவரிடம் இருந்து, அவர் காலமானாலோ கோபித்துக்கொண்டு விலகினாலோ அறிக்கை நின்றுவிடுகிறது. இரு தரப்பினர் நாற்காலிக்குப் போராடும் ஆலயங்களின் கதை சொல்லவே வேண்டியதில்லை. உண்மையான பொறுப்பாளர் யார் என்பதே விளங்காத அளவுக்குத் தகராறு முற்றினால், பதிவையே ரத்து செய்யும் அதிகாரம் பதிவதிகாரிக்கு உண்டு. பதிவை இழந்த ஆலயம் வங்கியிலும் நில அலுவலகத்திலும் தன் பெயரைச் சொல்லி நிற்க இயலாது.

விதிமுறை மாற்றம் எப்போதும் சுமையாகவே வரும் என்பதற்கில்லை. 2012-ஆம் ஆண்டு அமைதிப் பேரணிச் சட்டத்தில், முன்னறிவிப்புத் தேவைப்படாத கூட்டங்களின் பட்டியலில் சமயக் கூட்டங்களும் சேர்க்கப்பட்டன. ஆயினும் இரதம் செல்லும் சாலை, மின்கம்பிகளின் உயரம், போக்குவரத்து ஆகியவற்றுக்காகக் காவல் துறையுடனும் நகராண்மைக் கழகத்துடனும் கலந்து பேசுவது அவசியமே. அனுமதி பெற்ற அமைப்புகளுக்கு நன்கொடை வழங்கும் தனிநபர்களுக்கான வருமான வரிக் கழிவு வரம்பு 2020-ஆம் மதிப்பீட்டு ஆண்டு முதல் 7 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாக உயர்ந்தது. அந்த அங்கீகாரத்தைப் பெற முயலாத ஆலயம், தன் உபயக்காரர்களுக்குக் கிடைக்கக்கூடிய சலுகையைத் தானே தடுத்து நிற்கிறது. சட்டத்தை அறியாதவர் தண்டனைக்கு மட்டுமல்ல, உரிமை இழப்புக்கும் ஆளாகிறார்.

மலேசிய அரசமைப்புச் சட்டத்தின் 11-ஆவது விதி, ஒவ்வொரு சமயப் பிரிவினரும் தம் சமயக் காரியங்களைத் தாமே நிர்வகிக்கவும், சொத்துகளைப் பெற்று வைத்திருக்கவும் உரிமை தந்துள்ளது. சொத்துகளைச் சட்டத்திற்கு ஏற்ப நிர்வகிக்க வேண்டும் என்னும் சொல்லும் அங்கேயே உள்ளது. இந்த உரிமையையும் நிபந்தனையையும் பிரித்துப் பார்க்க இயலாது.

அதே வேளையில் அரசுத் தரப்புக்கும் ஒரு கடமை உண்டு. நிலம் மாநில அரசின் அதிகாரத்திற்கு உட்பட்டது. ஊழியர் விவகாரம் மத்திய அரசினுடையது. கட்டட அனுமதி நகராண்மைக் கழகத்தினுடையது. ஓர் ஆலயச் செயலாளர் இத்தனை வாசல்களையும் தட்டியாக வேண்டும். பகலில் வேலைக்குச் சென்று, மாலையில் சம்பளமின்றித் தொண்டு புரியும் அவரிடம், மாற்றங்களை எளிய மொழியில் முன்கூட்டியே தெரிவிப்பது நல்லாட்சிக்கு அழகாகும். ஆலயங்கள் பெயர்க்கப்பட்டதெல்லாம் நிர்வாகங்களின் அலட்சியத்தால்தான் என்று சொல்வதும் நியாயமன்று. ஏழைத் தொழிலாளி வாய்ச்சொல்லை நம்பினான்; அந்த நம்பிக்கையைப் பின்னர் வந்த நில உரிமையாளர்கள் மதித்திருக்கலாம்.

இனிச் செய்ய வேண்டியவை அரிய காரியங்கள் அல்ல. ஒவ்வோர் ஆலயமும் தன் செயலவையில் ஒருவரைச் சட்ட விவகாரங்களுக்கென்றே நியமிக்கலாம். அவர் கையில் அந்த இரண்டாவது பஞ்சாங்கம் இருக்கட்டும். ஒவ்வொரு மாதமும் 15-ஆம் தேதிக்குள் ஊழியர் சேமநிதி. பிப்ரவரி, ஆகஸ்டு மாத இறுதிக்குள் மதிப்பீட்டு வரி. மே இறுதிக்குள் நிலவரி. பொதுக்கூட்டத்திற்குப் பின் 60 நாட்களுக்குள் ஆண்டறிக்கை. அர்ச்சகரின் அனுமதி முடியும் நாள். தீயணைப்புக் கருவியைச் சோதிக்கும் நாள். இவற்றை எழுதி அலுவலகச் சுவரில் தொங்கவிட்டால் போதும். பட்டா, வரைபடம், பதிவுச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்கள் இரண்டு இடங்களில் இருத்தல் நலம். வட்டார ஆலயங்கள் ஒன்றுகூடி ஆண்டுக்கொரு முறை ஒரு வழக்கறிஞரையும் கணக்காய்வாளரையும் அழைத்து விளக்கம் பெறலாம். 1965 முதல் இயங்கி வரும் மலேசிய இந்து சங்கம் போன்ற அமைப்புகளின் வட்டாரப் பேரவைகள் இதற்கு மேடை அமைத்துத் தரலாம்.

பக்தப் பெருமக்களுக்கும் இதில் பங்குண்டு. உபயம் தருவோர் தம் பெயர் கல்வெட்டில் எத்தனையாவது வரியில் வருகிறது என்று பார்ப்பதோடு நில்லாமல், ஆண்டறிக்கை அனுப்பப்பட்டதா, நிலம் யார் பெயரில் உள்ளது என்றும் பொதுக்கூட்டத்தில் பணிவோடு கேட்க வேண்டும். சட்டமும் கணக்கியலும் படித்த இளைஞர்கள் தைப்பூசத்தன்று இரதத்தின் வடம் பிடிப்பதோடு, மற்ற நாட்களில் ஆலயக் கோப்புகளையும் தொட்டுப் பார்க்க வேண்டும். அவர்களுக்கு இடம் விட்டு விலகி நிற்க மூத்தவர்களும் மனம் கொள்ள வேண்டும்.

சஞ்சியில் கட்டிக் கொண்டு வந்த காசைக் கொட்டி ஆலயம் எழுப்பியவர்கள் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். அவர்கள் பத்திரம் எழுதாமல் போனதில் குற்றமில்லை. படித்த தலைமுறை அதைக் கவனியாமல் விட்டால் அதற்கு மன்னிப்பு இல்லை. இவ்வாண்டுத் தைப்பூசத்தில் வேல் ஏந்தி வரும் பெருமானை வணங்கும்போது, அவன் குடியிருக்கும் கோயிலின் கோப்புகளும் செம்மையாக உள்ளனவா என்று ஒவ்வொரு நிர்வாகமும் ஒரு கணம் எண்ணிப் பார்க்கட்டும். எல்லாம் வல்ல முருகன் திருவருள் துணை நிற்குமாக!