என்ன முறை வேண்டும்?

கத்தோலிக்கக் கோயில்களில் கலியாணத்துக்கு முன்னால் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதாவது தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்ல வேண்டும் என்று அறிவிப்பு. அந்தத் தடைகளில் ஒன்று இரத்த உறவு. தமிழ்நாட்டில் 'ஜாதகமே பார்க்க வேண்டாம்' என்று பெரியவர்கள் முடித்துவிடுகிற அத்தை மகன், மாமன் மகள் ஜோடி இருக்கிறதே, திருச்சபையின் கணக்கில் அது தடைக்குள் வருகிறது!

சாந்தோமில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இது பெரிய ரகளையாகிவிட்டது. பாட்டிக்கு ஒரே ஆசை. மகன் வயிற்றுப் பேத்தியை மகள் வயிற்றுப் பேரனுக்குக் கட்டி வைத்துவிட்டுக் கண்ணை மூட வேண்டும். பேத்தியோ கான்வென்டில் படித்தவள்.

"அவன் எனக்குக் கசின் பிரதர், பாட்டி! பிரதரை யாராவது கல்யாணம் செய்துகொள்வார்களா?"

"பிரதராவது, கிரதராவது! அவன் உனக்கு அத்தான் முறைடி!"

இரண்டு பேரும் ஒரே பையனைத்தான் சொல்கிறார்கள். சண்டையெல்லாம் பெயருக்கு முன்னால் ஒட்டுகிற ஒரு சின்னச் சொல்லைப் பற்றி. ஆகவே இந்த வாரம் அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்வோம்.

இங்கிலீஷ்காரருக்குச் சித்தப்பா பிள்ளையும் கசின், அத்தை பிள்ளையும் கசின். நமக்கு அப்படி இல்லை. அப்பாவின் அண்ணன் பெரிய அப்பா, தம்பி சின்ன அப்பா. அம்மாவின் அக்கா பெரியம்மா, தங்கை சின்னம்மா. பெயரிலேயே அப்பா, அம்மா இருக்கிறபோது அவர்கள் பிள்ளைகள் நமக்கு அண்ணன், தங்கைதானே! ஆனால் அப்பாவின் சகோதரி 'அம்மா' ஆவதில்லை, அத்தை ஆகிறாள். அம்மாவின் சகோதரன் மாமா ஆகிறார். அவர்கள் பிள்ளைகள் அத்தான், மச்சான், கொழுந்தி. கட்டிக்கொள்ளத் தகுந்தவர்கள். (மயிலாப்பூர் அக்கிரகாரத்தில் மாமன் மகனுக்கு அம்மாஞ்சி என்று பெயர். அந்தப் பாவப்பட்ட சொல் எப்படியோ அசட்டுப் பையனுக்குப் பட்டமாகிவிட்டது. மாமன் பிள்ளைகள் செய்த குற்றம் என்னவோ!)

இந்தக் கணக்கைப் பார்த்து அயர்ந்து போனவர் அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரத்து வக்கீல் லூயிஸ் ஹென்றி மார்கன். நியூயார்க் மாகாணத்துச் செவ்விந்தியர்கள் சித்தப்பாவையும் அப்பா என்றே கூப்பிடுவதைக் கண்டு குறித்து வைத்திருந்தார். பிறகு ஆர்க்காட்டு மிஷனைச் சேர்ந்த ஸ்கடர் குடும்பத்துப் பாதிரியார் மூலம் தமிழ் உறவுப் பெயர்கள் கிடைத்தன. பார்த்தால், ஏறக்குறைய அதே கணக்கு! 1871-ல் வெளிவந்த அவருடைய பெரிய புத்தகத்தில் தமிழ்ப் பெயர்களுக்கு முக்கியமான இடம். 1889-ல் டைலர் என்ற ஆங்கிலேய அறிஞர், அத்தை பிள்ளை, மாமன் பிள்ளையைக் குறிக்க 'கிராஸ் கசின்' என்று எழுதினார். இந்தக் கிராஸுக்குக் கோபமும் பொருள் இல்லை, சிலுவையும் பொருள் இல்லை. அண்ணன்–தங்கை என்று ஆணுக்கும் பெண்ணுக்கும் குறுக்கே போகிற உறவு என்பதால் குறுக்கு. இன்று மானிட இயல் புத்தகங்களில் 'திராவிட' என்ற அடைமொழி, அமேசான் காட்டு ஜனங்கள் சிலருடைய உறவுக் கணக்குக்குக் கூட ஒட்டப்படுகிறது. தமிழைக் காதால் கூடக் கேட்டிராதவர்கள், பாவம்!

அவர்கள் தேடிப் பிடித்து ஒட்டிய அடைமொழி நம் வீட்டில் ஏற்கெனவே இருந்தது. முறைப்பெண், முறைமாப்பிள்ளை, முறைமாமன். பங்காளி ஒரு பக்கம், மாமன் மச்சான் ஒரு பக்கம். கலியாண வீட்டில் முன்பின் தெரியாத ஒருவரைக் கண்டால் "இவர் எனக்கு என்ன முறை வேண்டும்?" என்று கேட்டு, இரண்டில் ஒரு பக்கம் உட்கார்த்திவிடுவார்கள்.

ஆனால் 'குறுக்கு'க்கும் 'முறை'க்கும் ஒரு பெரிய வித்தியாசம். குறுக்கு என்பது வெறும் விவரம். முறை என்பதற்குள் நியாயம் இருக்கிறது, உரிமையும் இருக்கிறது. அந்த உரிமை பல சமயம் பெண்ணின் தலையில் விடிந்திருக்கிறது. மாமன் கேட்டு மறுத்தால் குடும்பப் பகை. அவள் மனசில் என்ன இருக்கிறது என்பது கணக்கிலேயே வராது. முறைப்பெண் என்ற சொல்லில் முறை பெரிதாகவும் பெண் சின்னதாகவும் எழுதியிருந்ததாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.

சாந்தோம் பாட்டி சாமியாரிடமே போய்விட்டாள். அவர் பொறுமையாக எண்ணிக் காட்டினார். பேத்தியிலிருந்து பாட்டிவரை இரண்டு படி ஏற்றம், பாட்டியிலிருந்து பேரன்வரை இரண்டு படி இறக்கம், ஆக நான்கு. 1983-ஆம் வருஷத்துத் திருச்சபைச் சட்டத்தில் பக்கவாட்டு உறவில் நான்காம் படிவரை தடை. தக்க காரணம் காட்டினால் விதிவிலக்குக் கேட்கலாம். "முறையான சம்பந்தத்துக்கு விலக்கு எதற்குச் சாமி?" என்று பாட்டி கேட்டாளாம். நியாயமான கேள்வி!

சர்க்காருக்கும் இதே தலைவலிதான். 1955-ஆம் வருஷத்து ஹிந்து விவாகச் சட்டம், அண்ணன் தங்கை பிள்ளைகளானாலும், இரண்டு சகோதரர் பிள்ளைகளானாலும், இரண்டு சகோதரிகள் பிள்ளைகளானாலும் கூடாது என்று ஒரே வரியில் தள்ளுகிறது. வழக்கம் இருந்தால் சரி என்று ஒரு ஜன்னலையும் திறந்து வைத்திருக்கிறது. தென்னாட்டார் மாமன் மகளையும் அத்தை மகளையும் மணக்கிறார்கள் என்று போதாயனர் காலத்திலேயே எழுதி வைத்தாயிற்று; புதிதாக எதை மறைப்பது?

டாக்டரோ வழக்கத்துக்கும் மசிய மாட்டார். சித்தப்பா மகளோ, அத்தை மகளோ, இருவருக்கும் நம்மோடு பொதுவான மரபணு சராசரியில் எட்டில் ஒரு பங்கு. சொந்த அக்காள் மகள் என்றால் நான்கில் ஒன்று. தாய் வழியிலும் தந்தை வழியிலும் ஒரே குறை ஒளிந்திருந்து குழந்தையிடம் சந்தித்துக்கொள்ளும் அபாயத்துக்கு முறை தெரியாது. இத்தனைக்கும் 2019–21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டுப் பெண்களில் நான்கில் ஒருவருக்கு மேல் சொந்தத்தில் மணம் செய்துகொண்டவர்கள்.

பேத்தி கடைசிவரை ஒப்பவில்லை. சட்டமோ, மரபணுவோ அவள் காரணம் அல்ல. சின்ன வயசிலிருந்து பிரதர் என்று கூப்பிட்டுப் பழகிய நாக்கு அது. அந்தப் பெயரை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது யார்? பள்ளிக்கூடம் மட்டுமல்ல, "கசின் பிரதருக்கு ஹலோ சொல்லு" என்று பழக்கிய அப்பா அம்மாவும்தான். விண்ணப்பம் எழுதப்படவே இல்லை. அத்தைதான் ஆறு மாதம் அந்த வீட்டு வாசற்படியை மிதிக்கவில்லை.

எனக்குப் பெண் சொன்னதுதான் சரி. ஆனாலும் எல்லாரும் கசின் ஆகிவிடுவதில் ஒரு சங்கடம் வருகிறது. ஒற்றைப் பிள்ளைக்கும் ஒற்றைப் பெண்ணுக்கும் பிறந்த குழந்தைக்கு அத்தை ஏது, மாமன் ஏது? காது குத்த மடியில் உட்கார்த்த ஆள் வேண்டுமே! அப்போது பாட்டிமார் விரல் விட்டு எண்ணுகிறார்கள். அம்மாவின் பெரியப்பா மகன், அம்மாவுக்கு அண்ணன். அப்படியானால் குழந்தைக்கு மாமன். பெங்களூரிலிருந்து அவரை ரயிலேற்றி வரவழைத்து, மடியில் குழந்தையை வைத்துவிடுகிறார்கள். அவர் இதுவரை அந்தக் குழந்தையைப் பார்த்ததே கிடையாது. அதனால் என்ன, முறை இருக்கிறதே!