எல்லையில் நின்றுவிடும் மருத்துவப் பதிவு: வாளையார் எழுப்பும் கேள்வி

வாளையார்: கோவை-பாலக்காடு தேசிய நெடுஞ்சாலையில் உள்ள வாளையார் எல்லையை வேலைக்காகவும் சிகிச்சைக்காகவும் மக்கள் நாள்தோறும் கடந்து செல்கின்றனர். ஆனால், அவர்களைப் பற்றிய மருத்துவப் பதிவுகள் இரு மாநிலங்களின் தனித்தனிக் கணினி அமைப்புகளில் உள்ளன. நோய்த் தடுப்புப் பணியில் இது முக்கியமான இடைவெளியாகும்.

கேரளத்தில் 2017-இல் தொடங்கப்பட்ட ஆர்த்ரம் திட்டத்தின்கீழ், ஆரம்ப சுகாதார நிலையங்கள் குடும்ப சுகாதார மையங்களாக மாற்றப்பட்டு வருகின்றன. அரசு மருத்துவமனைகளில் நோயாளிகளின் விவரங்கள் இ-ஹெல்த் அமைப்பில் பதிவாகின்றன. 2022-இல் அறிமுகமான ஷைலி செயலியுடன் ஆஷா பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று, 30 வயதைக் கடந்தோருக்கு உள்ள நோய் அபாயங்களைக் கேட்டறிகின்றனர். தமிழகத்தில் 2021 ஆகஸ்ட் 5 முதல் செயல்படும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டமும் சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு வீட்டிலேயே மருந்து வழங்குகிறது.

மருத்துவமனையின் காகிதப் பதிவேட்டைப் புரட்டினால் வந்தவர் யார் என்பது தெரியும். வராதவரைக் கண்டறிவது கடினம். கணினிப் பதிவோ, குறித்த நாளில் வராதவர்களின் பட்டியலை நொடியில் தரும். உயர் ரத்த அழுத்தம் பெரும்பாலும் அறிகுறியின்றி இருந்து, பக்கவாதத்திலோ சிறுநீரகச் செயலிழப்பிலோ முடியக்கூடியது. எனவே, மருந்தை நிறுத்தியவரை உரிய காலத்தில் கண்டறிவதே குடும்ப மருத்துவத்தின் முதன்மைப் பணி.

எல்லைப் பகுதியில் இப்பட்டியல் தடுமாறுகிறது. பாலக்காட்டில் பதிவு செய்த ஒருவர் வராவிட்டால், அவர் கோவையில் சிகிச்சை பெறுகிறாரா, மருந்தையே கைவிட்டாரா என்பதைப் பதிவு மட்டும் சொல்லிவிடாது. தேனி மாவட்டத்திலிருந்து இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளர்களுக்கும் இது பொருந்தும்.

2021 செப்டம்பரில் நாடு தழுவிய அளவில் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கத்தின் 14 இலக்க 'ஆபா' எண் இதற்குப் பாலமாக அமையலாம். நோயாளியின் ஒப்புதலுடன் மட்டுமே பதிவுகளைப் பகிர வேண்டும் என்பது அதன் அடிப்படை. அந்த ஒப்புதல் கோரிக்கை தமிழ், மலையாளம் ஆகிய இரு மொழிகளிலும் எளிதில் புரியும்படி இருத்தல் அவசியம்.

இணைப்பு மட்டும் போதாது. பட்டியலைப் பார்த்துத் தொலைபேசியில் அழைக்கவும், வீட்டுக்குச் சென்று விசாரிக்கவும் செவிலியருக்கும் ஆஷா பணியாளருக்கும் நேரம் ஒதுக்கப்பட வேண்டும். தவறினால், கணினியில் விவரம் இருந்தும் நோயாளி கவனிப்பாரற்றுப் போவார்.