பாதி வீட்டை இடிக்கலாமா?



போன வைகாசியில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்காகக் காரைக்குடி போயிருந்தோம். "இவ்வளவு தூரம் வந்துட்டு கானாடுகாத்தான் வீடுகளைப் பார்க்காமப் போலாமா?" என்று மதினி கூட்டிக்கொண்டு போனார். தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, கண்ணாடி மாதிரி வழவழவென்று சுண்ணாம்புச் சுவர்! பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது.

இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு. பாதி இருக்கிறது, பாதி இல்லை. இடித்த பக்கத்துச் சுவரில் விளக்கு மாடம் மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. "பங்காளிங்க பாகம் பிரிச்சாச்சும்மா. அவங்க பங்கைக் கழட்டி வித்துட்டாங்க" என்றார் காவலுக்கு இருந்த பெரியவர். தூண், நிலைக்கதவு எல்லாம் பழைய சாமான் கடைக்குப் போய்விட்டதாம்.

எனக்கு வயிறு பகீரென்றது. இதே கதை எங்கள் வீட்டிலும் நடந்திருக்கிறதே!

ஆலங்குளத்தில் எங்கள் மாமனார் கட்டியது சாதாரண ஓட்டு வீடு. பாகம் பிரித்ததும் கொழுந்தனார் தன் பங்கை இடித்து மாடி கட்ட ஆரம்பித்தார். அவர் பங்கு, அவர் இஷ்டம், தப்புச் சொல்லவில்லை. ஆனால் அதுவரை உள்சுவராக இருந்த நடுச்சுவர் இனி வெளிச்சுவர் ஆகிவிடும், மழையில் நனையும் என்று யாருமே யோசிக்கவில்லை. நான் சொன்னேன். "அடுப்படியைப் பாரு" என்றார்கள். ஐப்பசி மழையில் அந்த அடுப்படிச் சுவர்தான் ஊறி விரிந்தது! எங்கள் ஊர் கரிசல் மண் வேறு. மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். இரண்டு மாதம் பிள்ளைகளோடு பக்கத்து வீட்டில் படுத்தோம். என் வளையல் அடகுக்குப் போய்த்தான் சுவர் எழும்பியது.

இடிக்கும் முன் விவரம் தெரிந்த ஒருவர் வந்து பார்த்திருந்தால் இந்தக் கஷ்டம் உண்டா? சாதாரண வீட்டுக்கே இப்படி என்றால், நூறு வருட வீடுகள் வரிசையாக நிற்கிற தெருக்களுக்கு எவ்வளவு கவனம் வேண்டும்?

மத்திய தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக்கூடாது. அதற்கடுத்த 200 மீட்டருக்குள் அனுமதி வாங்கித்தான் கட்டலாம் என்று 2010-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆனால் செட்டிநாட்டு வீடுகள் தனியார் சொத்து. அந்த ஊர்கள் 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. பட்டியலில் பெயர் வந்தால் மட்டும் கடப்பாரை நின்றுவிடுமா?

அதற்காக, "பழைய வீட்டில் ஒரு செங்கல்லைக்கூடத் தொடாதே" என்பதையும் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். வெளியில் நின்று அழகு பார்ப்பவருக்கு என்ன தெரியும்? கொல்லைக்கோடியில் கழிப்பறை, ராத்திரி மழையில் முட்டிவலியோடு நடக்கிற மாமியாருக்கல்லவா தெரியும்! இருட்டு அடுப்படியில் புகை குடித்தவளுக்குத்தான் ஒரு ஜன்னலின் அருமை புரியும். உள்ளே வசதி செய்துகொள்ள விடவேண்டும். வாசல், திண்ணை, தூணைக் காப்பாற்றவும் வேண்டும்.

முடியுமா என்று கேட்பீர்கள். புதுச்சேரி வைசியாள் வீதியில் செய்து காட்டியிருக்கிறார்கள். நகராட்சியும் இன்டாக் அமைப்பும் வீட்டுக்காரர்களோடு சேர்ந்து, திண்ணையும் தாழ்வாரமுமாகத் தெருவின் பழைய முகத்தைச் சீர்செய்தார்கள். 2008-ல் யுனெஸ்கோ விருதே கிடைத்தது. அதே ஊரில் கடற்கரைச் சாலையில் இருந்த பழைய மேரி கட்டடம், பழுது பார்க்காமல் கிடந்து 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. மறுபடி கட்டி 2021-ல் திறந்தார்கள். கவனிக்காமல் விடுவதும் இடிப்பதும் ஒன்றுதான்.

சிமெண்ட் ஆலை இருக்கிற ஊர்க்காரி நான்; சிமெண்டைக் குறை சொல்லவில்லை. ஆனால் பழைய சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டுப் பூச்சு உதிரும் என்று எங்கள் கொத்தனார் சொல்லித்தான் எனக்கே தெரியும். இதையெல்லாம் சொல்லித்தர ஆள் வேண்டாமா?

எனவே என் யோசனை இதுதான். பழைய தெருக்களில் இடிக்கவோ மாற்றவோ மனு வந்தால் அதிகாரி நேரில் வந்து பார்க்கட்டும். மீதிப் பாதி தாங்குமா என்று சோதிக்கட்டும். "கூடாது" என்றால் காரணத்தோடு, வேறு எப்படிச் செய்யலாம் என்றும் எழுதித் தரட்டும். மனுவை மாதக்கணக்கில் கிடப்பில் போடாமல், பழுது பார்க்க மானியமும் தரட்டும். முக்கியமாக, அந்த வீட்டில் சமைக்கிற பெண்ணையும் ஒரு வார்த்தை கேட்கட்டும். பத்திரத்தில் அவள் பெயர் இல்லாமல் இருக்கலாம். எந்தச் சுவர் ஒழுகும் என்பது அவளுக்குத்தானே தெரியும்!

என்ன தோழிகளே, நான் சொல்வது சரிதானே?

- ஒரு வாசகி,
ஆலங்குளம், விருதுநகர் மாவட்டம்.